பொஸ் "இனி நாங்க அஜைல்" எண்டுட்டார், எங்க இருந்து தொடங்குறது?

கேள்வி: அக்கா, தெஹிவளைல ஒரு சின்ன சொஃப்ட்வெயர் கொம்பனில நான் கியூஏ லீட் (டெஸ்டிங்குக்கு பொறுப்பு). மொத்தம் 26 பேர். கடைகளுக்கு பில்லிங், ஸ்டொக் சிஸ்டம் செஞ்சு குடுக்கிறம். பொஸ் ரெண்டு நாள் வேர்க்‌ஷொப் ஒண்டுக்கு போயிட்டு வந்து இனி எல்லாரும் அஜைல் (சொஃப்ட்வெயர சின்னச் சின்னத் துண்டா செஞ்சு குடுக்கிற முறை) எண்டு சொல்லி, ஜிராவும் (வேலைகள பதிஞ்சு பாக்கிற சொஃப்ட்வெயர்) வாங்கி, என்னைய ஸ்க்ரம் மாஸ்டரும் (ஸ்க்ரம் எண்ட அஜைல் முறைய டீமுக்கு நடத்திக் குடுக்கிற ஆள்) ஆக்கிட்டார். இப்ப தினமும் காலைல 9 மணிக்கு 26 பேரும் நிண்டு 45 நிமிஷம் கதைக்கிறம். வேலை ஒண்டும் வேகமா முடியுற மாதிரி தெரியல்ல, சீனியர் ஆக்கள் பகிடி பண்றாங்க. இதை எப்படி சரியா கொண்டு வாறது? சர்டிஃபிகேட் ஏதும் எடுக்கணுமா?

பதில்: தங்கச்சி, முதல் வேலையா அந்த 26 பேர் ஸ்டாண்ட்-அப்ப நிப்பாட்டுங்க. கணக்கு பாருங்க, 26 பேர் 45 நிமிஷம் எண்டா ஒரு நாளைக்கு பத்தொன்பதரை மணித்தியாலம், அதாவது ரெண்டு பேர்ட முழு நாள் சம்பளத்த விட கூட, ஒவ்வொரு நாளும் காலைல சும்மா கரையுது. ஸ்க்ரம் கைட்ல (ஸ்க்ரம் முறைய விளக்குற கையேடு) இருக்கிறதே 15 நிமிஷம், டீம் எண்டா வழக்கமா 10 பேர் இல்லாட்டி அதுக்கும் குறைவு. சீனியர்மார் பகிடி பண்றதுல பிழையே இல்ல, நானும் பண்ணியிருப்பன்.

அடுத்தது, பொஸ் ஜிரா வாங்கினதால கொம்பனி அஜைல் ஆகிடாது. 2001 பெப்ரவரில அமெரிக்கால யூட்டா மாநிலத்தில ஸ்னோபேர்ட் எண்ட இடத்தில 17 பேர் கூடி எழுதினதுதான் அஜைல் மெனிஃபெஸ்டோ (கொள்கை அறிக்கை), நாலே நாலு வரி, அதோட 12 கொள்கை. அந்த நாலுல முதலாவதே டூல்ஸ், புரொசெஸ்ஸ விட மனிசரும் அவங்க ஒண்டா வேலை செய்யிற விதமும்தான் பெரிசு எண்டது. எங்கட ஆக்கள் அதை அப்படியே தலைகீழா பிடிச்சு, முதல்ல டூல வாங்கிட்டு மனிசர பிறகு பாப்பம் எண்டு இருக்கிறாங்க. ஸ்டாண்ட்-அப், ஸ்பிரிண்ட் (ஒரு துண்டு வேலைய முடிக்க வைக்கிற குறுகிய காலம்), ஸ்க்ரம் மாஸ்டர் எண்ட ஒரு சொல்லு கூட அந்த நாலு வரிலயும் இல்ல, 12 கொள்கைலயும் இல்ல, அதெல்லாம் ஸ்க்ரம், எக்ஸ்பி (எக்ஸ்ட்ரீம் புரோகிராமிங்) எண்ட தனித்தனி முறைகள்ல இருந்து வந்த சாமான்.

அப்ப உங்கட கொம்பனிக்கு இது தேவையா எண்டா, தேவைதான், அதுக்கு அமெரிக்காவுக்கு போக வேண்டாம், வற் வரிய நினைச்சு பாருங்க. 2022 ஜூன்ல 8 வீதத்தில இருந்து 12 ஆச்சு, அதே வருஷம் செப்டெம்பர்ல 15, பிறகு 2024 ஜனவரி 1ல 18. பில்லிங் சிஸ்டம் செய்யிற ஆக்களுக்கு இது ஒவ்வொண்டும் எப்படி இருந்திருக்கும் எண்டு உங்களுக்குத்தான் தெரியும், வீதத்த புரோகிராமுக்குள்ள நேரா எழுதி வச்சவன் ஒவ்வொரு தடவையும் இரவு முழிச்சான், செட்டிங்ஸ்ல ஒரு இடத்தில மாத்துற மாதிரி வச்சவன் வீட்ட போய் படுத்தான். ஆறு மாசத்துக்கு திட்டம் போட்டு பூட்டி வச்சு, கடைசி மாசம் மட்டும் டெஸ்ட் பண்ற முறை இந்த ஊருக்கு சரிவராது, வெளிய எல்லாம் மாறிட்டே இருக்கு. சின்ன சின்னத் துண்டா முடிச்சு, கடைக்காரர்ட கையில குடுத்து, அவர் என்ன சொல்றார் எண்டு பாத்து அடுத்த துண்டுக்கு போறது, அவ்வளவுதான் அஜைல்.

இப்ப எப்படி தொடங்குறது. நான் விட்ட பிழைய முதல்ல சொல்றன். 2012ல நான் இருந்த ஒரு இடத்தில (பேர் வேண்டாம்) ஒரு திங்கக்கிழமை எழும்பி எல்லா டீமையும் ஒரே நாள்ல ஸ்க்ரமுக்கு மாத்தினம், ஆறு டீம், ஆறு போர்ட், கலர் கலரா மார்க்கர், கேக்கும் வெட்டினது. மூண்டு மாசத்தில எல்லாம் பழைய மாதிரி, போர்ட் மட்டும் சுவர்ல கிடந்துச்சு, கடைசில அதில யாரோ வனபோஜனம் லிஸ்ட் ஒட்டினாங்க. அதுக்குப் பிறகு நான் எங்க போனாலும் ஒரே ஒரு டீம்ல தான் தொடங்குவன், அதுவும் விருப்பமா வாற ஆக்கள் இருக்கிற டீம், ஆறு ஏழு பேர். மற்ற 19 பேரும் இப்போதைக்கு எப்படி வேலை செஞ்சாங்களோ அப்படியே செய்யட்டும்.

அந்த டீமுக்கு முதல் கிழமை ஸ்க்ரமும் வேண்டாம், ஸ்பிரிண்டும் வேண்டாம். கண்ணாடி பார்ட்டிஷன் ஒண்டு இருந்தா அதில மஞ்ச ஸ்டிக்கி நோட் ஒட்டுங்க, ஒவ்வொரு ஆளும் இப்ப கையில வச்சிருக்கிற வேலை எல்லாத்தையும், ஒண்டுக்கு ஒரு நோட். மறைக்க வேண்டாம் எண்டு சொல்லுங்க, பொஸ் தனியா கேட்ட ரிப்போர்ட், நண்பர்ட கடைக்கு போட்டுக் குடுக்கிற திருத்தம், எல்லாம். ராஜகிரியல ஒரு ஒஃபிஸ்ல நான் இதை செஞ்ச நேரம் ஏழு பேருக்கு 63 நோட் வந்துச்சு. ஆளுக்கு ஒன்பது வேலை! ஒருத்தரும் கதைக்கல்ல, எல்லாரும் சும்மா பாத்துட்டு நிண்டாங்க, ஒரு தம்பி மட்டும் மெல்லமா "அக்கா, என்ட இன்னும் நாலு இருக்கு" எண்டான்.

பிறகு அந்த நோட்டுகள செய்ய இருக்கு, செய்யுறம், டெஸ்டிங், முடிஞ்சது எண்டு நாலு கொலமா பிரிச்சோம், அங்கதான் விஷயமே இருந்துச்சு. 63ல 31 டெஸ்டிங் கொலம்ல. டெவலொப்பர்மார் ஒவ்வொருத்தரும் "என்ட பக்கம் முடிஞ்சு" எண்டு தள்ளி விட்டுட்டு புதுசா ஒண்ட தொடங்குறாங்க, டெஸ்ட் பண்ண இருந்தது ஒரே ஒரு பிள்ளை. நீங்க கியூஏ லீட், இது உங்களுக்கு நான் சொல்லித் தரத் தேவையில்ல, உங்கட மேசைலயும் இப்ப அந்த குவியல் கட்டாயம் இருக்கும். ஆன படியாத்தான் வேலை ஒண்டும் வேகமா முடியல்ல. கொட்டு (கொத்து ரொட்டி) கடைல தகடு ஒண்டுதான், ஓடர் எடுக்கிற ஆள் நாலு பேர் ஆனாலும் கொட்டு அதே வேகத்திலதான் வரும், இல்லையா.

அதுக்கு மருந்து ஒரு இலக்கம் தான். டெஸ்டிங் கொலத்துக்கு மேல "4" எண்டு பெரிசா எழுதுங்க. நாலு நோட் அங்க இருந்தா அஞ்சாவது உள்ள வர ஏலாது, டெவலொப்பர் புதுசு தொடங்காம வந்து டெஸ்ட் பண்ண உதவணும், இல்லாட்டி திரும்ப வந்த பிழைய திருத்தணும். இது டொயோட்டா ஃபெக்டரில இருந்து வந்த கன்பான் (கையில இருக்கிற வேலைட அளவ கட்டுப்படுத்துற முறை) எண்டதுட யோசனை, சொஃப்ட்வெயருக்கு பிறகு கொண்டு வந்தது. முதல் ரெண்டு கிழமை சண்டை வரும், "நான் கோட் எழுத வந்தனான், டெஸ்ட் பண்ண இல்ல" எண்டு ஒரு சீனியர் சொல்லுவார், சொல்லட்டும், விட்டுக் குடுக்காதீங்க. அதோட "முடிஞ்சது" எண்டா என்ன எண்டு எல்லாரும் இருந்து ஒரு தாள்ல எழுதி போர்ட் பக்கத்தில ஒட்டுங்க. கோட் ரிவியூ (எழுதினத இன்னொருத்தர் பாக்கிறது) ஆகி, டெஸ்ட் ஆகி, ஒரு கடைல போட்டுப் பாத்தாச்சு, அதுதான் முடிஞ்சது. "தொண்ணூறு வீதம் முடிஞ்சு" எண்டு ஒண்டு இனி கிடையாது.

இனி கஷ்டமான பகுதிக்கு வாறன். உங்கட பொஸ்ட வட்ஸ்அப். நான் பாத்த அளவில இந்த ஊர்ல அஜைல் கவிழுறது டெவலொப்பரால இல்ல, இரவு பத்து மணிக்கு பொஸ் ஒரு டெவலொப்பருக்கு நேரா "மல்லி, மே பொடி தே கரலா தெண்ட" (தம்பி, இந்த சின்ன விஷயத்த செஞ்சு தாங்க) எண்டு அனுப்புற அந்த ஒரு மெசேஜால. அந்த "சின்ன விஷயம்" ரெண்டு நாள் தின்னும், போர்ட்ல அது இருக்காது, ரெண்டு கிழமை முடிய ஏன் வேலை முடியல்ல எண்டு கேக்கிறதும் அதே பொஸ்தான். இதை அவரோட கதைக்காம நீங்க என்ன ஸ்பிரிண்ட் வச்சும் பிரயோசனம் இல்ல. ஆனா "நீங்க செய்யுறது பிழை சேர்" எண்டு போய் நிக்காதீங்க, எங்கட ஒஃபிஸ்கள்ல அது எடுபடாது. ஒரு மாசம் சும்மா எண்ணுங்க, அப்படி குறுக்கால வந்த வேலைகளுக்கு மஞ்சளுக்கு பதிலா சிவப்பு நோட் ஒட்டுங்க. பிறகு அவரை போர்டுக்கு முன்னால கூட்டிட்டு போய் ஒரு பிளேன் டீயும் குடுத்து, "சேர், இந்த சிவப்பெல்லாம் நடுவில வந்தது, இதால நிண்டு போனது இந்த மஞ்சள், எது முதல்ல வேணும் எண்டு நீங்களே சொல்லுங்க" எண்டு கேளுங்க. அவரே நோட்ட மேலயும் கீழயும் மாத்தி ஒட்டுவார், அந்த நேரம் அவர் தனக்கே தெரியாம புரொடக்ட் ஓனர் (எது முதல்ல எண்டு முடிவு செய்யிற ஆள்) வேலைய செய்யிறார். அதுக்குப் பிறகு புதுசா என்ன வந்தாலும் ஒரே வாசல், உங்களிட்ட இல்லாட்டி அவர் பேர் சொல்ற ஒரு ஆளிட்ட. அவசரம் எண்டா உள்ள வரலாம், ஆனா அதே அளவு ஒண்டு வெளிய போகணும். வற் மாறினது மாதிரி திகதிய தள்ள ஏலாத வேலை வரத்தான் செய்யும், அதுக்கு எதிரா நிக்காதீங்க.

அந்த சின்ன டீம் 15 நிமிஷ ஸ்டாண்ட்-அப் வைக்கிற நேரம் ஒரு விஷயம். எல்லாரும் மெனேஜர பாத்து "நேத்து இது செஞ்சன், இண்டைக்கு இது, பிரச்சினை ஒண்டும் இல்ல" எண்டு ஸ்கூல் அசெம்பிளி மாதிரி ஒப்பிக்கிறது கண்டா, நீங்க போர்டுக்கு எதிர்ப்பக்கம் போய் ஆக்களுக்கு பின்னால நில்லுங்க, தானா அவங்க போர்ட பாத்து கதைப்பாங்க. வலது பக்கம் முடியுறதுக்கு கிட்ட இருக்கிற நோட்ல இருந்து தொடங்கி இடது பக்கம் வாங்க, "இதை முடிக்க என்ன தடை?" அவ்வளவுதான் கேள்வி. அந்த மூண்டு கேள்விய 2020ல வந்த ஸ்க்ரம் கைட்ல இருந்தே எடுத்துட்டாங்க, எங்கட ஆக்கள் மட்டும் விடுறாங்க இல்ல.

பாஷையும் பாருங்க. கொழும்பு டீம் எண்டா சிங்களம், தமிழ், இங்கிலீஷ் மூண்டும் இருக்கும், ஸ்டாண்ட்-அப் மட்டும் இங்கிலீஷ்ல நடக்கும். மட்டக்களப்பில இருந்து வந்த ஒரு தம்பி எங்கட டீம்ல ஒன்பது நாள் தொடர்ந்து "நோ இஷ்யூஸ்" எண்டு சொன்னான், பத்தாவது நாள் கெண்டீன்ல ரோல்ஸ் சாப்பிட்டுட்டு தமிழ்ல கேட்டா, அவனுக்கு டெஸ்ட் சேவருக்கு பாஸ்வேர்டே ஒருத்தரும் குடுக்கல்ல. ஒன்பது நாள்! கேக்க இங்கிலீஷ் வரல்ல, அவ்வளவுதான். அதுக்குப் பிறகு யாரும் எந்த பாஷைலயும் கதைக்கலாம், விளங்காட்டி பக்கத்தில இருக்கிறவர் சொல்லுவார் எண்டு வச்சம்.

ரெண்டாவது மாசம் அளவில ஸ்பிரிண்ட் வைக்கலாம், ரெண்டு கிழமை போதும். பத்து வேலை நாள் எண்டு கணக்கு போடாதீங்க, மாசம் ஒரு போயா கட்டாயம் இருக்கு, வெசாக்குக்கு ரெண்டு நாள், சித்திரைப் புதுவருஷத்துக்கு பாதிப் பேர் ஊருக்கு போயிடுவாங்க, அந்த ஏப்ரல் ஸ்பிரிண்ட்ட நான் பேசாம விட்டுடுவன். கடைசி நாள் டெமோ காட்டுங்க, ஸ்லைட் இல்ல, ஓடுற சொஃப்ட்வெயர், ஏலுமெண்டா வெள்ளவத்தைலயோ பெட்டாவிலயோ உண்மையா பில் போடுற ஒரு கஸ்டமர கூப்பிட்டு அவர்ட கையில மவுஸ குடுங்க. அவர் எங்க தடுமாறுறார் எண்டு பத்து நிமிஷம் பாத்தா போதும், ஒரு மாச மீட்டிங் மிச்சம். டெமோ முடிய டீம் மட்டும் இருந்து என்ன சரி வந்துச்சு, எதை மாத்தணும் எண்டு கதைக்கிறது ரெட்ரோ, அதில பொஸ் இருக்கக் கூடாது, இருந்தா ஒருத்தரும் வாய் திறக்க மாட்டாங்க. ஒவ்வொரு ரெட்ரோவிலயும் ஒண்டே ஒண்ட மாத்துங்க.

ஸ்டோரி பொயிண்ட்ட (ஒரு வேலைட அளவுக்கு டீம் குடுக்கிற புள்ளி) வச்சு டீமுக்கு டீம் ஒப்பிட பொஸ் ஆசைப்படுவார், விடாதீங்க, அடுத்த மாசமே எல்லாற்ற பொயிண்டும் தானா ஏறும், வேலை அதே அளவுதான். ஒரு வேலை தொடங்கினதுல இருந்து கடைக்கு போக எத்தனை நாள் எண்டு எழுதி வைங்க, அது போதும். ஃபிக்ஸட் பிரைஸ் கொன்ட்ராக்ட் இருந்தாலும் பயப்பட ஒண்டும் இல்ல, விலையும் திகதியும் அப்படியே இருக்கட்டும், உள்ள இருக்கிற வேலைய அதே அளவு வேறொண்டுக்கு மாத்தலாம் எண்டு ஒரு வரி மட்டும் கேட்டு சேத்துக்கொள்ளுங்க.

சர்டிஃபிகேட் கேட்டீங்க. பிஎஸ்எம் ஒண்டு (ஸ்க்ரம் மாஸ்டருக்கான சோதனை) எடுக்கலாம், 80 கேள்வி, ஒரு மணித்தியாலம், 85 வீதம் எடுக்கணும், சீவீல (CV) வடிவா இருக்கும். ஆனா இப்ப வேண்டாம், மூண்டு ஸ்பிரிண்ட் முடிய எடுங்க, அப்ப கேள்விய வாசிக்கும்போதே உங்கட டீம்ல எந்த ஆள் அதை செஞ்சது எண்டு முகம் ஞாபகம் வரும். அதுவரைக்கும் ஸ்க்ரம் கைட்ட வாசிங்க, நெட்ல சும்மா கிடைக்குது, வெள்ளவத்தைல இருந்து கோட்டைக்கு பஸ்ல போறதுக்குள்ள வாசிச்சு முடிக்கலாம், ட்ரஃபிக் இருந்தா ரெண்டு தரம். ஸ்டிக்கி நோட் மட்டும் நல்ல பிராண்ட் பாத்து வாங்குங்க, மலிவானது ஏசி காத்துக்கு கழண்டு விழும், காலைல வந்து பாத்தா டெஸ்டிங் கொலம் வெறுமையா இருக்கும், அதை கண்டு பொஸ் சந்தோஷப்பட்டுடுவார்.