ஃபெக்ஸோஃபெனடின் போட்டும் தும்மல் நிற்கவில்லையா?

மாத்திரையை மாற்றும் முன் ஜூஸை நிறுத்துங்கள். ஃபெக்ஸோஃபெனடின் என்ற அலர்ஜி மாத்திரையை (120 மி.கி.) காலையில் ஆரஞ்சு ஜூஸோடு போடுவதாக எழுதியிருக்கிறீர்கள். ஆரஞ்சு, ஆப்பிள் ஜூஸ் இரண்டுமே இந்த மருந்து குடலில் உறிஞ்சப்படுவதை நன்றாகக் குறைத்துவிடும். வெறும் தண்ணீர் போதும். நெஞ்செரிச்சலுக்கு ஜெலுசில் மாதிரி ஏதாவது குடிப்பவரானால் 2 மணி நேரம் இடைவெளி விடுங்கள்.

ஒரு வாரம் இப்படிப் பாருங்கள். தும்மலும் அரிப்பும் அடங்கி மூக்கடைப்பு மட்டும் மீந்தால், அடைப்புக்கு இந்த வகை மாத்திரை சுமார்தான். மூக்கில் அடிக்கும் ஸ்ப்ரே பற்றி டாக்டரிடம் கேளுங்கள்.

மாற்றாக செட்ரிசின் என்ற இன்னொரு அலர்ஜி மாத்திரையை நினைத்தால், அது சிலருக்குத் தூக்கம் வரவழைக்கும். கம்பத்திலிருந்து குமுளி மலைப்பாதையில் தினமும் பைக் ஓட்டும் உங்களுக்கு அது வேண்டாம் என்பேன்.

சிறுநீரகக் கோளாறு இருந்தால் அளவு மாறும். மூச்சு இரைத்தாலோ உதடு வீங்கினாலோ உடனே ஆஸ்பத்திரி.