அட்டையை விடுங்கள், உள்பக்கத்தைப் பாருங்கள்

வணக்கம். கொழும்பு மருதானைப் பழைய புத்தகக் கடையில் ஒரே ரஷ்யச் சிறுவர் கதை இரண்டு வேறு அட்டைகளோடு கிடைத்தது, எது பழையது என்று கேட்டிருந்தீர்கள். நல்ல வேட்டை! அட்டையின் நிறத்தை நம்ப வேண்டாம். தலைப்புப் பக்கத்தின் அடியில் உள்ள பதிப்பகப் பெயரைப் பாருங்கள். சோவியத் காலத்து மாஸ்கோவின் ராதுகா பதிப்பகம் 1982இல்தான் அங்கிருந்த முன்னேற்றப் பதிப்பகத்திலிருந்து (Progress Publishers) பிரிந்தது. ஆகவே ‘ராதுகா’ என்று போட்ட பிரதி அதற்கு முன் அச்சாகியிருக்க முடியாது. ‘முன்னேற்றப் பதிப்பகம்’ என்றிருப்பதுதான் பெரும்பாலும் மூத்தது.

அப்புறம், புத்தகத்தின் முதுகில் ஒட்டிய செலோடேப்பைத் தயவுசெய்து இழுக்காதீர்கள். நான் இழுத்த ஒன்றில் கரடிக்குட்டியின் காதும் பாதி வானமும் டேப்போடு வந்துவிட்டன. இன்னும் மனம் ஆறவில்லை. கொழும்பு ஈரக்காற்றுக்குப் பொலித்தீனில் இறுக்கிக் கட்டவும் வேண்டாம், பூஞ்சணம் பிடிக்கும். அலுமாரியில் காற்றுப் போக இடம் விட்டு நிமிர்த்தி வையுங்கள்.