புரோக்கர் வெச்சா லாபமா, தண்டமா?

கேள்வி: அப்பா காலமாகி ரெண்டு வருஷம் ஆச்சு. ஸ்ரீரங்கத்துல இருக்கற வீட்ட வித்துடலாம்னு நாங்க மூணு பேரும் முடிவு பண்ணிட்டோம், தம்பி சிங்கப்பூர்ல இருக்கான், அக்கா கோயம்புத்தூர்ல. "ஆன்லைன்ல போட்டோ போட்டா பத்து பேர் வருவான், புரோக்கருக்கு எதுக்கு தண்டமா ரெண்டு பர்சன்ட் அழணும்"ங்கறார் என் வீட்டுக்காரர். நீங்க என்ன சொல்றீங்க?
– வாசகி, திருச்சி

பதில்: போட்டுப் பாருங்கம்மா, சாயங்காலத்துக்குள்ள போன் வரும், அதுல பாதி புரோக்கர்ங்களாதான் இருப்பாங்க, மீதி பேர் "கடைசி ரேட் என்ன"ன்னு கேட்டுட்டு வெச்சுடுவாங்க. ஆள் புடிச்சுக் குடுக்க மட்டும்னா இப்ப புரோக்கர் தேவையில்ல, நெசம்தான். ஆனா உங்க தெருவுல போன மாசம் ஒரு வீடு உண்மையா என்ன விலைக்குப் போச்சுங்கறது எந்த ஆப்லயும் இருக்காது. பத்திரத்துல கைடுலைன் வேல்யூவ, அதாவது அரசாங்கம் வெச்ச வழிகாட்டி மதிப்ப ஒட்டி ஒரு தொகை இருக்கும், ஆன்லைன்ல இருக்கறது விக்கறவங்க ஆசைப்படற விலை. சரியான விலை அந்த ஏரியாவுல நாலு கிரயம் முடிச்ச ஆளுக்குத்தான் தெரியும். அது தெரியாம அதிகமா சொன்னா வீடு பூட்டியே கிடக்கும், கம்மியா சொன்னா நீங்க மிச்சம் புடிச்ச கமிஷன விட ஜாஸ்தியா கையவிட்டுப் போயிடும்.

ஸ்ரீரங்கம்ங்கறதால இன்னொண்ணு, அடிமனை விவகாரம், அதாவது வீடு நம்மளது, அடியில இருக்கற மனை கோயிலோடதுங்கற தகராறு, உங்களுக்குத் தெரியாம இருக்காது. கோயில் நிலம்னு பத்திரப்பதிவ நிறுத்தி வெச்ச இடங்கள் அங்க உண்டு, உள்ளூர் புரோக்கர்னா வீட்ட வந்து பாக்கறதுக்கு முன்னாடியே சர்வே நம்பர் கேப்பார். கேக்கலைன்னா அந்த ஆள விட்டுடுங்க.

அடுத்து பேப்பர். வாரிசு சான்று, உங்க பேருக்கு மாத்தின பட்டா, வில்லங்கச் சான்று, மூலப்பத்திரம் எல்லாம் ரெடியா இருக்கணும். அம்மா இருக்காங்களான்னு நீங்க எழுதல, உயில் இல்லைன்னா அம்மாவுக்கும் பங்கு உண்டு, அப்பாவப் பெத்த பாட்டி அப்ப உயிரோட இருந்திருந்தா அவங்களுக்கும் உண்டு, இத நெறைய வீட்ல மறந்துடறாங்க. தம்பி வர முடியலைன்னா சிங்கப்பூர்ல நம்ம ஹை கமிஷன்ல பவர் பத்திரம் அட்டெஸ்ட் பண்ணி அனுப்பணும், அது இங்க வந்து சேந்த மூணு மாசத்துக்குள்ள முத்திரைத் தீர்வை கட்டிடணும். அவர் என்ஆர்ஐன்னா இன்னொரு சிக்கல் இருக்கு: சாதாரணமா வீடு 50 லட்சம் இல்ல அதுக்கு மேலன்னா வாங்கறவர் 1% டிடிஎஸ் (விலையிலயே கழிச்சு வருமான வரியா கட்டறது) புடிப்பார், தம்பி பங்குக்கு அந்தக் கணக்கு கிடையாது, ரொம்பவே அதிகமா புடிக்கணும். இத ரெஜிஸ்டர் ஆபீஸ் வாசல்ல நின்னு சொன்னா பார்ட்டி கார எடுத்துட்டுக் கிளம்பிடுவார். இந்த மாதிரி வீடு வித்துப் பழகின புரோக்கர் விலை பேசறப்பவே சொல்லிடுவார். பவர் உங்க பேர்லயோ அக்கா பேர்லயோ இருக்கட்டும், புரோக்கர் பேர்ல மட்டும் எந்தக் காரணத்துக்கும் எழுதிடாதீங்க.

பேரம்தான் பெரிய விஷயம். வாங்க வந்தவர் மாடிப்படி சுவத்தத் தடவிப் பாத்துட்டு "ஓதம் அடிக்குது, அஞ்சு லட்சம் கொறைங்க"ம்பார், அப்பா பாத்துப் பாத்துக் கட்டின வீடுன்னு அக்காவுக்குக் கோவம் வந்துடும், பேச்சு அங்கயே முறிஞ்சுடும். நடுவுல ஒருத்தர் இருந்தா ரெண்டு பக்கத்தையும் தனித்தனியா கூட்டிட்டுப் போய் பேசி ரெண்டு லட்சத்துல முடிச்சு வெப்பார். என்னக் கேட்டா கமிஷனே இதுக்குத்தான்.

கமிஷன் ஒண்ணா ரெண்டாங்கறத முதல்லயே பேசி எழுதிக்கோங்க, அட்வான்ஸ் அன்னிக்கு இல்ல, கிரயம் முடிஞ்ச அன்னிக்குக் குடுங்க. "உங்களுக்கு இவ்ளோ, அதுக்கு மேல வித்தா எனக்கு"ன்னு கேட்டா மாட்டேன்னுடுங்க. லீகல் பாக்கறது வக்கீல் வேலை, அதையும் புரோக்கர் தலைல கட்டாதீங்க.

கேள்வி: தாம்பரம் பக்கம் புது ஃப்ளாட் பாக்கறோம். கூட்டிட்டுப் போறவர் "நான் ரெரா புரோக்கர்"ங்கறார். நம்பலாமா?
– வாசகர், குரோம்பேட்டை

பதில்: நம்பர் கேளுங்க, தமிழ்நாடு ரெரா வெப்சைட்ல போட்டுப் பாருங்க. ரெராங்கறது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம், அதுல வர்ற புராஜெக்ட்ட வித்துக் குடுக்க ஏஜென்ட்டும் பதிவு பண்ணியிருக்கணும், 2016 சட்டம் அப்படித்தான் சொல்லுது. அதோட புராஜெக்ட் நம்பரையும் பாருங்க, யூடிஎஸ், அதாவது மொத்த நிலத்துல உங்க ஃப்ளாட்டுக்கு வர்ற பிரிக்காத பங்கு எவ்ளோன்னு எழுத்துல வாங்குங்க. ஒண்ணு மனசுல வெச்சுக்கோங்க, புது ஃப்ளாட்டுக்கு அவருக்குக் கமிஷன் குடுக்கறது பெரும்பாலும் பில்டர்தான், அதனால விலைய உங்களுக்காக அடிச்சுப் பேசுவார்னு எதிர்பாக்காதீங்க.

கேள்வி: பழைய வீடு பேசி முடிச்சாச்சு, அட்வான்ஸ் ரெண்டு லட்சத்த கேஷா தன் கையில குடுங்கன்னு புரோக்கர் சொல்றார், ஓனர்கிட்ட சேத்துடுவாராம்.
– வாசகர், சேலம்

பதில்: வேண்டவே வேண்டாம். வீடு, மனை விக்கறவர் 20,000 ரூபாயோ அதுக்கு மேலயோ கேஷா வாங்கக் கூடாதுன்னு வருமான வரிச் சட்டமே சொல்லுது, மாட்டினா வாங்கின தொகை அளவுக்கே அபராதம். ஒப்பந்தம் கையெழுத்தாகற அன்னிக்கு ஓனர் அக்கவுன்ட்டுக்கு நேரா அனுப்புங்க, பணம் வந்ததையும் ஒப்பந்தத்துலயே எழுதச் சொல்லுங்க.