அப்பாவை விட உயரம், ஆனால் வயிறும் முன்னுக்கு: ஏன்?

அப்பாவை விட மூன்று அங்குலம் உயரம், முப்பது வயதிலேயே வண்டியும் (தொப்பை) வைத்துவிட்டது, பரம்பரை மாறிவிட்டதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

பரம்பரை ஒரு தலைமுறையில் மாறாது. ஒரே ஊருக்குள் ஆளுக்காள் உயரம் வேறுபடுவதற்குப் பெரும்பாலும் மரபணுதான் காரணம். ஆனால் முழுச் சனத்தின் சராசரி ஏறுவது சாப்பாட்டாலும் நோய் குறைவதாலும்தான். கருவிலிருந்து இரண்டு வயது வரையான 1000 நாள் முக்கியம். அப்போது வயிற்றோட்டம் அடிக்கடி வந்தால், வளர்ச்சிக்குப் போகவேண்டிய சத்து நோயோடு மல்லுக்கட்டப் போய்விடும். 1896இல் பிறந்தவர்களை விட 1996இல் பிறந்த தென்கொரியப் பெண்கள் சராசரியாக 20 செ.மீ. உயரம். அங்கும் மரபணு மாறவில்லை.

நிறை வேறு கதை. உயரம் இருபது வயதோடு நின்றுவிடும், நிறை நிற்காது. சைக்கிளில் சுன்னாகம் சந்தைக்குப் போனவரின் மகன் இப்போது மோட்டார் சைக்கிளில் போகிறான். இரவில் கொத்துரொட்டியும் சோடாவும். (அப்பா காலத்து ஒடியல் கூழ், அதாவது காய்ந்த பனங்கிழங்கு மாவில் காய்ச்சும் கூழ், மெலிய வைக்கும் என்று சொல்லவில்லை. குடித்தவர்கள் தோட்டத்தில் மண்வெட்டி பிடித்தார்கள்.)

ஆசியருக்கு உடல் நிறைச் சுட்டெண் (BMI: கிலோவில் நிறையை, மீற்றரில் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தது) 23ஐத் தாண்டினாலே நீரிழிவு ஆபத்து ஏறத் தொடங்கும். 165 செ.மீ. ஆளுக்கு அது சுமார் 63 கிலோதான். தராசை விட்டு வயிற்றை நாடாவால் அளந்து பாருங்கள். ஆணுக்கு 90 செ.மீ.க்கு மேல் என்றால் இரத்தச் சீனியைச் சோதிப்பது நல்லது.