இடம் போதாத கூட்டுக் குடும்ப வீட்டில் செடி வளர்த்தால் மனசு மாறுமா?

“ஆறு பேருக்குக் கட்டிய வீட்டில் பதினோரு பேர் இருக்கிறோம். தனிக்குடித்தனம் போக வசதியில்லை. செடி வளர்த்தால் மனசு லேசாகும் என்கிறார்களே, உண்மையா?” என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் மருமகள் என்றே வைத்துக்கொள்கிறேன். மகனாக இருந்திருந்தால் வாடகைக்கு எங்கே வீடு பார்க்கலாம் என்றுதான் கேட்டிருப்பீர்கள்.

மாறும். ஆனால் இந்த ஒரு வார்த்தையை நம்பி நாளைக்கே நர்சரிக்குப் போய்விடாதீர்கள்.

எங்கள் வீடு மதுரையில் சிம்மக்கல் பக்கம். மாமனாரின் அப்பா கட்டியது. வாசலில் நின்றால் கொல்லை வரை தெரியும், ஆனால் நடையில் இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டும். மாமியார், மூத்தவர் குடும்பம், நாங்கள், பிள்ளைகள். ஒரே குளியலறை. பிள்ளைகள் சின்னதாக இருந்தவரை வீடு கலகலவென்றுதான் இருந்தது. பையன் பிளஸ் டூவும் ஓரகத்தி அக்கா மகள் காலேஜும் வந்த பிறகுதான் வீடு சட்டென்று சுருங்கிப் போனது. துணி மாற்றக்கூட ஆள் பார்த்துக் கதவைச் சாத்த வேண்டிய நிலை.

மாமியார் கொடுமைக் கதை என்று கிளம்பி வந்துவிடாதீர்கள். என் மாமியார் தங்கம். கூட்டுக் குடும்பத்தின் அருமை தெரியாதவள் என்று பாடம் எடுக்க வருகிறவர்களும், காலையில் ஆறு மணிக்கு அந்தக் குளியலறை வாசலில் கொஞ்சம் நின்றுவிட்டு வந்து பேசலாம்.

எனக்கு மூச்சு முட்டியது இடம் இல்லாததால் மட்டும் இல்லை. அந்த வீட்டில் நான் வைத்த பொருள் வைத்த இடத்தில் இருக்காது. உப்பு ஜாடியை எங்கே வைப்பது என்பதுகூட என் முடிவு கிடையாது. மொட்டை மாடி மட்டும் யாருக்கும் வேண்டாத இடமாகக் கிடந்தது. துணி காயப்போட, வடகம் போட, அவ்வளவுதான். அதைத்தான் பிடித்தேன்.

பிடிப்பதும் சுலபமாக இல்லை. எங்களுடையது மெட்ராஸ் டெரஸ், அதாவது தேக்குக் கட்டைகளை வரிசையாகப் போட்டு, மேலே செங்கலைச் செங்குத்தாக அடுக்கிச் சுண்ணாம்பு பூசிய பழைய மச்சு. “ஈரம் இறங்கினா மச்சு போயிரும்” என்றார் மூத்தவர். அவர் சொன்னதில் தப்பே இல்லை. நனைந்த மண்ணோடு செடி வைக்கிற ஒரு நடுத்தரப் பை இருபது, இருபத்தைந்து கிலோ இருக்கும். கொத்தனாரைக் கூட்டிவந்து காட்டினோம். நடுவில் ஒன்றும் கூடாது, கீழே சுவர் ஓடுகிற ஓரங்களில் மட்டும் வைக்கலாம், அதுவும் செங்கல் கொடுத்து உயர்த்தி வைத்தால் அடியில் தண்ணீர் தேங்காது என்றார். இப்போது கட்டுகிற, ஆள் புழங்கும் கான்கிரீட் மாடியைச் சதுர மீட்டருக்கு 150 கிலோ என்ற கணக்கில் போடுவது வழக்கம். பழைய வீட்டுக்கு அந்தக் கணக்கு ஓடாது. உங்கள் வீடு எந்த வகை என்று முதலில் பாருங்கள்.

பாரம் குறைய, மண்ணோடு சரிபாதி தேங்காய் நார்க்கழிவு கலந்தேன். அதைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து, உப்புப் போன பிறகுதான் கலக்க வேண்டும். தொழுவுரமோ மண்புழு உரமோ ஒரு பங்கு. முதலில் வெண்டை, கத்தரி, ஒரு மல்லிகை. மதுரைக்காரி மல்லிகை இல்லாமல் தோட்டம் போட முடியுமா? 2013இல் புவிசார் குறியீடே வாங்கிய பூ. கார்த்திகைக் கடைசியில் முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிட்டால் பங்குனி, சித்திரையில் மொட்டு கொட்டும். வெட்டுகிற அன்றைக்கு மட்டும் அந்தப் பக்கம் மாமியாரை விடாதீர்கள், அழுதுவிடுவார்.

ஆனால் என்னைப் பிடித்து இழுத்தது பீர்க்கை. ஆடியில் விதை போட்டுப் பந்தலில் ஏற்றினேன். முதலில் வருவதெல்லாம் ஆண் பூ, கொத்துக் கொத்தாக. அப்புறம்தான் அடியில் விரல் நீளத்துக்குப் பிஞ்சோடு பெண் பூ தனியாக வரும். அந்தப் பிஞ்சு இரண்டே நாளில் மஞ்சளாகிச் சுருண்டு விழும். காரணம், பீர்க்கம்பூ சாயங்காலம்தான் விரியும். அந்த நேரத்துக்கு எங்கள் மாடி உயரத்துக்கு ஏறி வருகிற பூச்சி குறைவு. நாம்தான் ஆண் பூவைப் பறித்து, இதழை உரித்துவிட்டு, நடுவில் இருக்கும் மகரந்தத்தைப் பெண் பூவின் நடுவில் மெதுவாகத் தடவ வேண்டும். விரலெல்லாம் மஞ்சள் பொடி ஒட்டும். காய் பிடித்துவிட்டால் மறுநாளே காம்பு விறைத்துத் தெரியும்.

பிரச்சினை என்னவென்றால் பூ விரிகிற நேரமும் விளக்கு வைக்கிற நேரமும் ஒன்று. “வெளக்கு வைக்கிற நேரத்துல மாடியில என்ன சோலி?” என்று கீழேயிருந்து மாமியார் குரல் வரும். சொல்லிப் புரியவைக்க முடியாது என்று ஒருநாள் கையைப் பிடித்து மேலே கூட்டிப்போய்க் காட்டினேன். முழங்கால் வலியோடு ஏறி வந்தவர், ஒரு பூவுக்கு அவரே தடவினார். அந்தக் காயைப் பறித்துத் தோலில் துவையல் அரைத்த நாளிலிருந்து விளக்கை அக்கா ஏற்றுகிறார்.

“பெண்ணுக்கு எதற்குத் தனி இடம், பிறந்த வீட்டுப் பங்கை வாங்கிப் போயிருக்கலாமே” என்று ஒரு உறவுக்காரர் கேட்டார். அதற்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் பங்கு என்று தமிழ்நாட்டில் 1989லேயே சட்டம் வந்துவிட்டது, 2005இல் நாடு முழுக்க வந்தது. எனக்குக் கல்யாணம் ஆனது 2003இல். தாத்தா வீட்டை விற்றபோது பங்கு வேண்டாம் என்று எழுதிக்கொடுக்கிற விடுதலைப் பத்திரத்தை நீட்டி, “சீர் செஞ்சாச்சுல்ல” என்றார்கள். சீர் செய்த பாத்திரத்தில் குடியிருக்கவா முடியும்? கேட்டால் அண்ணன் தம்பி உறவு அறுந்துபோகும் என்று பயமுறுத்துவது எப்போதும் பெண்ணைத்தான். சரி, இதை விட்டால் நிற்காது.

மாடிக்கு வருவோம். இப்போது அங்கேயும் கூட்டம்தான். பையன் படிக்க வருகிறான், மூத்தவர் பேப்பரோடு வருகிறார், ‘மச்சு போயிரும்’ என்ற அதே மனுஷர் முருங்கைக்குப் பை கேட்கிறார். கீழே ஒரு அடிகூட அதிகமாகவில்லை, குளியலறை இன்னும் ஒன்றுதான். ஆனால் சாயங்காலத்தில் பாதிப் பேர் மேலே இருப்பதால் கீழே காற்று வருகிறது. எந்தப் பையை எங்கே வைப்பது என்று மட்டும் என்னைத்தான் கேட்கிறார்கள்.

தோட்டக்கலைத் துறை மானியத்தில் தருகிற மாடித்தோட்டத் தளையை, அதாவது கிட்டை, விசாரித்துப் பாருங்கள். பை, நார்க்கழிவு, விதை எல்லாம் ஒன்றாக வரும், ஆனால் இருப்பு இருக்கும்போதுதான் கிடைக்கும். உங்கள் மாடியில் எந்தப் பக்கம், எவ்வளவு நேரம் வெயில் விழுகிறது என்று எழுதுங்கள். எதில் ஆரம்பிக்கலாம் என்று சொல்கிறேன். வெயிலே இல்லை என்றால் பீர்க்கை வேண்டாம், புதினாவும் வெற்றிலைக் கொடியும் போதும்.