துப்பு இருந்தால் புதிர் எளிதாகிவிடுமா?

கேள்வி: பதின்மூன்று வயதான என் மகன் புதிர்க் கணினி விளையாட்டுகளை விரும்பி ஆடுகிறான். துப்புக் கேட்கும் பொத்தான் உள்ள விளையாட்டெல்லாம் சுலபமானவை என்கிறான். வேண்டாதவர் அதை அழுத்தாமல் விடலாமே, அதனால் புதிர் எப்படி மாறும் என்று அவனுடைய அக்கா கேட்கிறாள். யார் சொல்வது சரி?
- ஒரு தாய், கொக்குவில்

பதில்: அக்கா சொல்வது பாதி சரி. புதிர் மாறுவதில்லை, ஆனால் ஆடுபவரின் பொறுமை மாறுகிறது. விரலை அசைத்தால் விடை வந்துவிடும் என்று தெரிந்தபின், அரைமணி நேரம் யோசிக்க வேண்டிய இடத்தில் ஐந்து நிமிடத்திலேயே மனம் சலித்துவிடும். ஒருமுறை கண்ட விடையை மறந்துவிட்டு மறுபடி யோசிக்கவும் இயலாது. ஆகவே துப்பைப் பெற என்ன விலை கொடுக்கிறோம், அது ஒரே தடவையில் எவ்வளவு சொல்லிவிடுகிறது என்பவற்றையே பார்க்க வேண்டும்.

2009இல் வெளிவந்த மெஷினேரியம் விளையாட்டில் சிறிய துப்பு எளிதாகக் கிடைக்கும். முழு விடை வரைந்த புத்தகத்தைத் திறக்கவோ, சிலந்திகளுக்கிடையே ஒரு சாவியைச் செலுத்தும் குட்டி விளையாட்டை ஆடி முடிக்க வேண்டும். அந்தச் சலிப்பான வேலையே புதிருக்குக் காவல். 2007இல் தொடங்கிய பேராசிரியர் லேட்டன் தொடரில், காட்சிகளுக்குள் ஒளிந்திருக்கும் நாணயங்களைத் தேடியெடுத்தே துப்பு வாங்கலாம். அவை தீர்ந்துவிடுமோ என்ற எண்ணம் கையைத் தடுக்கும்.

எனக்கு மிகவும் பிடித்தது அதைவிடப் பழைய முறை. 1980களில், கணினி விளையாட்டுகளைத் தயாரித்த இன்ஃபோகொம் நிறுவனம் விற்ற துப்புப் புத்தகங்களில் பதில்கள் கண்ணுக்குத் தெரியாத மையில் அச்சிடப்பட்டிருந்தன. அதற்கென்று தந்த பேனாவால் தேய்த்தால் வரி வரியாகத் தெரியும்: முதல் வரி சாடை காட்டும், கடைசி வரி விடையைச் சொல்லும். நம் அம்மம்மாமார் நொடி போடும்போது செய்வதும் இதுவே அல்லவா? முதலில் நிறத்தைச் சொல்வார்கள், பிறகு அது எங்கே கிடக்கும் என்பார்கள். பிள்ளை தோற்றேன் என்று ஒப்புக்கொண்ட பிறகே அவிழ்ப்பார்கள்.

கேளாமலே சொல்லப்படும் துப்பு வேறு வகை. 2022இல் வந்த கோட் ஒஃப் வோர் ரக்னரொக் விளையாட்டில் கூடவே வரும் பாத்திரங்கள் யோசிக்க விடாமல் வழி சொல்லிவிடுவதாகப் பலர் குறைப்பட்டார்கள். உங்கள் மகனின் குற்றச்சாட்டு அங்கேதான் பொருந்தும். கேட்டால் மட்டும், படிப்படியாக வரும் துப்பு இருந்தால், மாட்டிக்கொண்டவர் ஆட்டத்தையே கைவிட்டுவிடுவார் என்ற பயமின்றித் தயாரிப்பாளர் இன்னும் கடினமான புதிர்களை வைக்கலாம்.

மகன் அடுத்த முறை திணறும்போது, முதல் துப்பை மட்டும் படித்துவிட்டு, விளையாட்டை மூடி மறுநாள் தொடரச் சொல்லுங்கள். இரவில் பிடிபடாத புதிர் காலையில் பிடிபட்டதை நான் பல தடவை அனுபவித்திருக்கிறேன்.