பிசங்கா முட்டையில் சாயம் ஏன் திட்டுத் திட்டாகப் பிடிக்கிறது? சரியான செய்முறை என்ன?

முட்டை ஓட்டில் மெழுகால் சித்திரம் எழுதிச் சாயத்தில் முக்கும் உக்ரைன் கலையான பிசங்காவைச் செய்து பார்த்ததில் நிறம் சீராக ஏறவில்லை, கோடும் தெளிவாக விழவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் குற்றம் சாயத்தில் இருக்காது, ஓட்டில்தான் இருக்கும்.

ஓட்டின் மேல் இயற்கையாகவே ஒரு மெல்லிய படலம் உண்டு. நார் போட்டுத் தேய்த்தால் அது அங்கங்கே உரிந்துவிடும். உரிந்த இடமும் உரியாத இடமும் சாயத்தை ஒரே மாதிரி வாங்காது. ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி வெள்ளை வினிகர் கலந்து, முட்டையை அரை நிமிடம் முக்கி எடுத்து ஒற்றினால் போதும். ஊறப்போட்டால் ஓடு சொரசொரத்துவிடும். அடுத்த எதிரி உங்கள் விரல். எண்ணெய்ப் பிசுக்கு பட்ட இடத்தில் சாயம் ஏறாது, ரேகையே தெரியும். கையைக் கழுவிவிட்டு, முட்டையை டிஷ்யூ சுற்றிப் பிடியுங்கள். குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுத்ததும் வியர்க்கும். அறைச் சூட்டுக்கு வரும்வரை விட்டுவிடுங்கள்.

பச்சை முட்டைதான் வேண்டும். அவித்து ஒரே நிறத்தில் தோய்த்து ஈஸ்டருக்குச் சாப்பிடுவது வேறு, அதற்குக் க்ராஷங்கா என்று பெயர். பிசங்கா என்ற பெயர் 'பிசாட்டி', அதாவது எழுதுவது, என்ற சொல்லிலிருந்து வந்தது. நாமும் ஒருகாலத்தில் சித்திரத்தை 'எழுதினோம்' அல்லவா, அதே கணக்கு.

எழுதும் கருவி கிஸ்ட்கா. மரக்குச்சியின் நுனியில் கம்பியால் கட்டிய சின்னப் பித்தளைப் புனல், அவ்வளவுதான். புனலின் வாயில் தேன்மெழுகைச் சுரண்டி எடுத்து, மெழுகுவர்த்திச் சுடரின் உச்சியில் அல்ல, பக்கவாட்டில் காட்டுங்கள். உச்சியில் காட்டினால் மெழுகு அளவுக்கு மீறிச் சூடாகிச் சொட்டும். முதல் கோட்டை முட்டையில் போடாமல் ஒரு காகிதத்தில் இழுத்துப் பாருங்கள். குமிழ் விழுவதென்றால் அங்கேயே விழட்டும். முட்டையில் கருவி அசையக்கூடாது, முட்டைதான் சுழல வேண்டும். தப்பிச் சொட்டிய மெழுகைச் சுரண்டாதீர்கள், எப்படியும் தடம் நிற்கும். அதையே ஒரு புள்ளியாகவோ பூவாகவோ மாற்றிவிடுவதுதான் வழி. பென்சில் கோட்டையும் ரப்பரால் அழிக்க வேண்டாம், அந்த இடம் சாயம் வாங்காது.

கொஞ்சம் தலைகீழாக யோசிக்க வேண்டிய வேலை இது. மெழுகு மூடிய இடம், மூடும்போது என்ன நிறத்தில் இருந்ததோ அதே நிறத்தில் நின்றுவிடும். வெள்ளையாக நிற்க வேண்டியதை முதலில் எழுதி மஞ்சளில் முக்குங்கள். மஞ்சளாக நிற்க வேண்டியதை எழுதி ஆரஞ்சில், பிறகு சிவப்பில், கடைசியில் கறுப்பில். பச்சை இந்த வரிசையில் சேராது. மஞ்சளுக்குப் பின் வேண்டிய இடத்தில் மட்டும் தூரிகையால் தொட்டு வைத்து, அதை மெழுகால் மூடிவிட்டு ஆரஞ்சுக்குப் போங்கள். சுற்றிலும் கசிந்த பச்சையை ஆரஞ்சு அடக்கிவிடும்.

சாயத்தூளைக் கொதிநீரில் கரைத்தாலும் நன்றாக ஆறிய பிறகே முக்க வேண்டும். வெதுவெதுப்பாக இருந்தால்கூட மெழுகு இளகிக் கோடு மங்கிவிடும். உங்கள் கோடு தெளியாததற்கு இதுவும் காரணமாக இருக்கலாம். வினிகர் ஒரு மேசைக்கரண்டி சேர்ப்பது வழக்கம், ஆனால் சில ஆரஞ்சுச் சாயத்துக்கு அது ஆகாது, பொட்டலத்தைப் படித்துவிடுங்கள். எடுத்ததும் தேய்க்காமல் ஒற்றுங்கள்.

முதல் முட்டைக்கு 'நாற்பது முக்கோணம்' நல்ல பயிற்சி. குறுக்கே ஒன்று, நெடுக்கே இரண்டு வளையம் போட்டால் எட்டு முக்கோணம். ஒவ்வொன்றிலும் முனையிலிருந்து எதிர்ப்பக்க நடுவுக்கு மூன்று கோடு இழுத்தால் ஆறாகப் பிரியும். எண்ணிப் பார்த்தால் 48 வரும், பெயர் மட்டும் நாற்பது! மெல்லிய கோட்டின் உச்சத்தைப் பார்க்க கார்பாத்திய மலையின் கோஸ்மாச் ஊர்ப் பிசங்காக்களைத் தேடுங்கள். உக்ரைனின் கொலொமியா நகரில் 2000இல் திறந்த முட்டை வடிவ அருங்காட்சியகமும் இதற்கென்றே இருக்கிறது.

கறுப்பு காய்ந்ததும் சுடரின் பக்கத்தில் காட்டி, மெழுகு பளபளத்த நொடியில் சுத்தமான டிஷ்யூவால் துடையுங்கள். மேலே காட்டினால் புகைக்கரி ஒட்டும். வார்னிஷ் எண்ணெய் வகைதான். தண்ணீரில் கரையும் வகை சாயத்தை இழுத்துவிடும். வார்னிஷ் காய்ந்த பிறகு துளையிட்டு உள்ளே இருப்பதை ஊதி எடுத்துவிடுங்கள். முழுதாகவே உலர விடுவதுதான் பழைய முறை என்றாலும், வெயில் ஊரில் உள்ளே வாயு சேர்ந்து வெடித்தால் அலமாரியையே காலி செய்ய வேண்டிவரும்.